கடல்நீரும் ஒரு 0.1 வோல்ட்டும்

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து கல்லூரி நண்பன் போன் செய்தான். அவன் குடும்பத்துக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. கடலுக்குப் போய் வரும் செலவில் பெரும்பங்கை டீசல் தின்றுவிடுகிறது என்பது அவனுடைய நிரந்தரப் புலம்பல். இந்த முறை புலம்பல் இல்லை, கேள்வி. "ஏல, கடத்தண்ணியில இருந்தே எரிபொருள் எடுத்துட்டானுவளாம்லா? போட்டு மெதக்கதே தண்ணியிலதான, டேங்கே வேண்டாம் போலுக்கே?"

கூடவே ஒரு வீடியோ. வீடியோவுக்குப் பின்னால் ஒரு ஆள். படகில் பொருத்தும் 'கடல்நீர் ஹைட்ரஜன் கிட்' அடுத்த வருடம் வருமாம், இப்போதே ஒன்றரை லட்சம் முன்பணம் கட்டினால் பாதி விலையாம். நண்பன் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

உடனே "பித்தலாட்டம்" என்று சொல்லி வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த வீடியோவில் காட்டிய ஆய்வுகள் உண்மையானவை. கடல்நீரை நேரடியாகப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் வேலை கடந்த சில ஆண்டுகளில் நிஜமாகவே நகர்ந்திருக்கிறது. பொய் எங்கே இருக்கிறது என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்றால் முதலில் எனக்குப் புரிய வேண்டும். மூன்று வாரம் இரவுகளில் படித்ததன் குறிப்புதான் இது.

தண்ணீர் என்பது சாம்பல்

ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது தண்ணீர். அதாவது தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். விறகு எரிந்து சாம்பலான பிறகு அந்தச் சாம்பலை மறுபடி விறகாக்க முடியும் என்று ஒருவர் சொன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "அதற்கு எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். தண்ணீரை மறுபடி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கலாம், 1800-ல் நிக்கல்சனும் கார்லைலும் வோல்டாவின் மின்கலத்தை வைத்தே செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் எரிந்தபோது வெளியே போன சக்தியை நாம் திருப்பிக் கட்ட வேண்டும், மேலே வட்டியும் கட்ட வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை எலக்ட்ரான் வேண்டும் என்பது மாறாத எண். அதனால் கலத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு 1 வோல்ட்டுக்கும் ஒரு கிலோவுக்கு சுமார் 26.6 யூனிட் மின்சாரம் செலவாகும். (இந்த 26.6-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.) இயற்கை கேட்கும் குறைந்தபட்சம் 1.23 வோல்ட். நடைமுறையில் இருக்கும் இயந்திரங்கள் 1.8 முதல் 2 வோல்ட் வரை எடுக்கின்றன. ஆக ஒரு கிலோவுக்கு 50 யூனிட் பக்கம் போகிறது. அந்த ஒரு கிலோவில் அடங்கியிருப்பது சுமார் 33 யூனிட். அதை எரிபொருள் மின்கலத்தில் போட்டு மோட்டார் ஓட்டினால் அதிலும் ஏறக்குறைய பாதிதான் தேறும்.

படகில் 50 யூனிட் மின்சாரம் வைத்திருப்பவன் அதை நேரே மோட்டாருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாமே! நண்பனின் ஒன்றரை லட்சத்தைக் காப்பாற்ற இந்த ஒரு பத்தி போதும். அன்றிரவே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கேட்டான்: "அப்ப அந்த விஞ்ஞானியெல்லாம் எதுக்குல மெனக்கெடுதானுவ?"

நியாயமான கேள்வி. மீதிக் கட்டுரை அதற்குத்தான்.

மொட்டைமாடியில் ஒரு பாட்டில்

1.23-க்கும் 1.8-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் வினையூக்கிகளின் களம். செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் உள்ள உயர வித்தியாசத்தை யாராலும் மாற்ற முடியாது. நடுவில் உள்ள மலையை உச்சி வரை ஏறிக் கடக்கிறோமா, கணவாய் வழியாகக் கடக்கிறோமா என்பது நம் கையில். வினையூக்கி அந்தக் கணவாய். 1.23-ஐ அது தொடவே முடியாது. அதற்கு மேல் நாம் அழும் வட்டியைத்தான் குறைக்கும்.

இதுவரை சொன்னது எந்தத் தண்ணீருக்கும் பொருந்தும். கடல்நீர் வந்தால் கதை வேறு. திருவான்மியூர் கடற்கரையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு பென்சிலை இரு முனையும் சீவி, 9 வோல்ட் பேட்டரியில் இணைத்து மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் குமிழி வந்தது. இரண்டு நிமிடத்தில் ஒரு வாசனையும் வந்தது. பாத்ரூம் கழுவும் பிளீச்சிங் பவுடர் வாசனை. பத்து நிமிடத்தில் எதிர்மின்முனைப் பக்கம் தண்ணீர் லேசாகக் கலங்கி, வெள்ளையாக ஏதோ படிய ஆரம்பித்தது.

கடல்நீர் ஆய்வின் இரண்டு பெரிய தலைவலிகளும் அந்தப் பாட்டிலில் இருந்தன. வாசனை ஒன்று, வெள்ளைப் படிவு இன்னொன்று. (பென்சிலுக்குப் பதில் எவர்சில்வர் ஸ்பூன் போட்டுப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். நேர்மின்முனையில் எவர்சில்வர் கரையும்போது அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீருக்குள் வர வாய்ப்பிருக்கிறது. பென்சில் பரிசோதனையும் மூடிய அறையில் வேண்டாம்.)

வாசனை

நேர்மின்முனையில் நமக்கு வேண்டியது ஆக்சிஜன். வந்தது குளோரின். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு, அதில் குளோரைடு மட்டும் 19 கிராம் பக்கம். ஆக்சிஜனாக மாறக்கூடிய ஹைட்ராக்சைடு அயனி ஒன்று இருக்கும் இடத்தில் குளோரைடு அயனிகள் பல்லாயிரம் நிற்கும். கூட்டத்தைப் பார்த்தால் குளோரின் ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் வெறும் கூட்டம் மட்டும் காரணமல்ல. சக்திக் கணக்குப்படி பார்த்தால் ஆக்சிஜன்தான் முதலில் வர வேண்டும். அமிலக் கரைசலில் ஆக்சிஜனுக்கு 1.23 வோல்ட், குளோரினுக்கு 1.36. ஆக்சிஜனுக்குத்தான் 0.13 வோல்ட் சலுகை. இருந்தும் தோற்கிறது, ஏனென்றால் அதன் வேலை கடினம். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், நடுவில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிணைக்க வேண்டும். குளோரினுக்கு இரண்டு எலக்ட்ரான் போதும், ஜோடி சேர்ந்து கிளம்பிவிடும். ஓட்டப் பந்தயத்தில் கோடு பக்கத்தில் இருந்தாலும் தடைகள் அதிகம் இருப்பவன் பின்தங்குவது மாதிரி.

குளோரினும் விலைபோகும் சரக்குதானே, வந்தால் வரட்டுமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. சாகுபுரத்தில் இருக்கும் காஸ்டிக் சோடா ஆலை மாதிரி இடங்களில் உப்புக் கரைசலைப் பிரித்துக் குளோரினை வேண்டுமென்றேதான் எடுக்கிறார்கள், அங்கே ஹைட்ரஜன் உபரி. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கூடவே 35 கிலோ குளோரின் வரும். உலகம் 2022-ல் பயன்படுத்திய ஹைட்ரஜன் சுமார் 9.5 கோடி டன். அதை முழுக்க இந்த வழியில் எடுத்தால் 330 கோடி டன் குளோரின் கையில் நிற்கும். உலகத்தின் இன்றைய குளோரின் தேவை ஏறக்குறைய 10 கோடி டன்தான். மீதியை எங்கே கொட்டுவது?

ஆகவே குளோரினைத் தடுத்தே ஆக வேண்டும். இதற்கு வழிகாட்டும் எண் ஒன்றை 2016-ல் பெர்லினில் பீட்டர் ஸ்ட்ராசரின் குழு தெளிவாக எழுதி வைத்தது. கரைசலின் காரத்தன்மையைக் கூட்டிக்கொண்டே போனால் ஆக்சிஜனுக்குத் தேவைப்படும் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். குளோரின் பக்கம் அப்படி இறங்காது. பி.எச். 7.5-ஐத் தாண்டியதும் குளோரினுக்குப் பதில் ஹைப்போகுளோரைட் (நம் பிளீச்சிங் சரக்கு) உருவாக ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் இடைவெளி சுமார் 0.48 வோல்ட்டில் நின்றுவிடும். பொருள் இதுதான்: காரக் கரைசலில், 0.48 வோல்ட்டுக்குக் குறைவான வட்டியில் ஆக்சிஜனை எடுக்கும் வினையூக்கி கிடைத்தால், குளோரைடு பக்கத்திலேயே நின்றாலும் அதனால் வினையில் கலந்துகொள்ள முடியாது. வாசலில் காவல் போடத் தேவையில்லை, மின்னழுத்தமே காவல்.

எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இந்த எண். தெளிவற்ற ஒரு ஆசையை ("கடல்நீரைப் பிரிக்க வேண்டும்") சோதித்துப் பார்க்கக்கூடிய நிபந்தனையாக மாற்றிவிட்டது.

அழுக்கிலிருந்து வந்த வினையூக்கி

இந்த நிபந்தனையைப் பூர்த்தி செய்யும் பொருள் விலை உயர்ந்த ஏதோ அபூர்வ உலோகமல்ல. நிக்கலும் இரும்பும். அதன் கதை சுவாரஸ்யமானது. 1987-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் டென்னிஸ் காரிகன் என்பவர் நிக்கல் ஆக்சைடு மின்முனைகளை ஆராயும்போது, மிகச் சிறிய அளவு இரும்பு கலந்தாலே ஆக்சிஜன் பொங்கி வருவதைப் பதிவு செய்தார். பேட்டரிக்காரர்களுக்கு அது இடைஞ்சல். சார்ஜ் ஏறும்போது ஆக்சிஜன் வந்தால் மின்சாரம் வீண்.

பிறகும் பல ஆண்டுகள் நிக்கல் ஆக்சைடு நல்ல வினையூக்கி என்றே எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2014-ல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஷானன் பெட்சரின் குழு, கரைசலில் கலந்திருந்த இரும்புத் துகளைக்கூட விடாமல் சுத்தம் செய்துவிட்டு அளந்தது. தூய நிக்கல் ஆக்சைடு மோசமான வினையூக்கி! அத்தனை நாள் பாராட்டு வாங்கியது, கடையில் வாங்கிய காரத்தில் ஒட்டியிருந்த இரும்பு அழுக்குதான். எங்கள் தொழிலில் இப்படி நடக்கும். புரோகிராம் நன்றாக ஓடும், ஏன் ஓடுகிறது என்று பார்த்தால் யாரோ மறந்துபோய் விட்ட ஒரு வரிதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு அடுக்குகள் குறைந்த மின்னோட்டத்தில் 0.3 வோல்ட்டுக்குள் வேலையை முடித்துவிடும். 0.48 எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. குளோரைடு வினையில் கலந்துகொள்ளாவிட்டாலும் உலோகத்தை அரிக்கும். கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வினையூக்கிப் பூச்சு நன்றாக இருக்கும், அதற்கு அடியில் தாங்கி நிற்கும் நிக்கல் சட்டம் உளுத்துப்போகும்.

2019-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜி டாய் குழு இதற்கு ஒரு வேலி கண்டுபிடித்தது. நிக்கல் சட்டத்துக்கும் மேலே உள்ள நிக்கல்-இரும்புப் பூச்சுக்கும் நடுவில் நிக்கல் சல்ஃபைடு அடுக்கு ஒன்று. மின்சாரம் பாயும்போது அதிலுள்ள கந்தகம் சல்ஃபேட்டாக மாறி, கார்பனேட்டுடன் சேர்ந்து அடுக்குகளுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் எதிர்மின்சுமை உள்ளவை. குளோரைடும் எதிர்மின்சுமைதான். ஒரே சுமை, ஒன்றையொன்று தள்ளும். இந்த வேலி இல்லாத மின்முனை கடல்நீரில் 12 மணி நேரம் போலத் தாக்குப்பிடித்தது. வேலியோடு 1,000 மணி நேரத்துக்கு மேல். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாத் தண்ணீரையே எடுத்து, அதில் காரம் சேர்த்துச் சோதித்தார்கள்.

இந்தச் சிந்தனை முற்றிலும் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மாங்கனீசு ஆக்சைடு பூசிய மின்முனையில் குளோரினைத் தடுத்து ஆக்சிஜனை எடுக்க முடியும் என்று 1980-லேயே பென்னட் எழுதினார். ஜப்பானின் டோஹோகு பல்கலைக்கழகத்தில் கோஜி ஹாஷிமோட்டோ அதில் மாலிப்டினம், டங்ஸ்டன் எல்லாம் கலந்து பல வருடம் உழைத்தார். செய்தித்தாள்கள்தான் அப்போது கவனிக்கவில்லை.

வெள்ளைப் படிவு

எதிர்மின்முனையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, எனக்கென்னவோ அது இன்னும் எரிச்சலூட்டும் பிரச்சினையாகத் தெரிகிறது. ஹைட்ரஜன் பிரியும்போது அந்த இடத்தில் காரம் சேரும். கடல்நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் பக்கம் மக்னீசியம் இருக்கிறது. காரத்தைக் கண்டதும் அது மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படியும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மில்க் ஆஃப் மக்னீசியா அதுவேதான். வினையூக்கி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அதன் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டால் என்ன பயன்? பல ஆய்வுக்கட்டுரைகள் காரத்தை முன்கூட்டியே கலந்து, மக்னீசியத்தையும் கால்சியத்தையும் படிய வைத்து வடிகட்டிவிட்டு, தெளிந்த நீரில்தான் சோதிக்கின்றன. தலைப்பில் 'கடல்நீர்' என்று இருக்கும். செய்முறைப் பகுதியைப் படித்தால்தான் அது எந்தக் கடல்நீர் என்று தெரியும்.

சீனாவில் ஷியே ஹெபிங் குழு 2022 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்ட வழி இந்தச் சண்டையையே தவிர்த்தது. நீர் ஒட்டாத நுண்துளைச் சவ்வு ஒன்று. ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் அடர்ந்த காரக் கரைசல். சவ்வு வழியே நீராவி மட்டும் கடக்கும், உப்பு கடக்காது. உள்ளே நீர் பிரிந்து குறையக் குறைய, வெளியிலிருந்து ஆவி தானாக வந்து நிரப்பும். 3,200 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அழகான யோசனை. ஆனால் கவனியுங்கள், வினையூக்கி இங்கே உப்பைப் பார்க்கவே இல்லை. கடல்நீரைப் பிரித்தார்கள் என்பதைவிட, உப்பு நீக்கும் வேலையைப் பெட்டிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள் என்பதே சரி.

26.6-க்குத் திரும்புவோம்

இங்கேதான் எனக்கு இடித்தது. உப்பு நீக்குவது அவ்வளவு பெரிய செலவா?

மீஞ்சூர், நெம்மேலி மாதிரி எதிர்ச் சவ்வூடுபரவல் ஆலைகளில் ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் ஆகும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கேட்பது 9 லிட்டர் தண்ணீர். சேதாரம் சேர்த்து 20 லிட்டர் என்றே வைப்போம். அதற்கு 0.08 யூனிட். இன்னும் சுத்தப்படுத்தும் செலவுக்கு இதை இரண்டு மடங்காக்கினாலும் 0.16. மொத்தம் செலவாகும் 50 யூனிட்டில் இது அரை சதவீதம்கூட இல்லை.

இப்போது மறுபக்கம். உப்பை நீக்காமல் நேரடியாகப் பிரிக்கும் கலம் நன்னீர்க் கலத்தைவிட 0.1 வோல்ட் மட்டும் அதிகம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 2.66 யூனிட் கூடுதல். அந்த மின்சாரத்தில் சுமார் 760 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிவிடலாம்! நமக்குத் தேவை 20 லிட்டர்.

இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கு சரிதான். பிரான்சில் கடலில் மிதக்க வைத்துச் சோதித்த சீல்ஹைஃப் என்ற ஹைட்ரஜன் நிலையமும் கடல்நீரை முதலில் சுத்தப்படுத்தி, பிறகே பிரித்தது. பொறியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதை நண்பனிடம் சொன்னபோது, "அப்ப மெனக்கெட்டது வேஸ்ட்டா?" என்றான். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இன்று காற்றாலை, சூரிய மின்சாரத்தோடு நன்கு ஒத்துப்போகும் அமில வகை மின்பகுப்பிகளுக்கு நேர்மின்முனையில் இரிடியம் வேண்டும். உலகம் முழுக்கத் தோண்டினாலும் ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கும் உலோகம் அது. நிக்கலும் இரும்பும் அந்த இடத்துக்கு வர வேண்டுமென்றால் நீண்ட நாள் உழைக்க வேண்டும், தண்ணீரில் நழுவி வரும் குளோரைடைத் தாங்க வேண்டும். சுத்திகரிப்புச் சவ்வு பழசாகும், பம்ப் சரியாக ஓடாது, கொஞ்சம் உப்பு உள்ளே வரத்தான் செய்யும். கடல்நீரிலேயே 1,000 மணி நேரம் நின்ற மின்முனைக்கு அந்தக் கொஞ்சம் உப்பு பொருட்டே அல்ல. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2023-ல் அரிக்கக்கூடிய உலோகச் சட்டத்துக்குப் பதில் கார்பன் தாங்கியையும், செல்லுலோஸ் அடிப்படையிலான பிரிப்புத் திரையையும் வைத்துக் கடல்நீர்க் கலம் செய்ததையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். கடல்நீர் இங்கே மூலப்பொருள் என்பதைவிட, கடுமையான பரீட்சை மண்டபம்.

அந்தப் பரீட்சையில் இன்னும் வெகுதூரம் போக வேண்டும். 1,000 மணி என்றால் 42 நாள். 3,200 மணி என்றால் 133 நாள். வணிக மின்பகுப்பிகளிடம் எதிர்பார்ப்பது 60,000 மணி, 80,000 மணி. அதிலும் சோதனைக்கூடத்தில் மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருக்கும். சூரிய மின்சாரமோ சாயந்திரம் ஆறு மணிக்கு நின்றுவிடும். மின்சாரம் நின்றதும் மின்முனைகளில் மின்னோட்டம் கொஞ்ச நேரம் தலைகீழாகப் பாயும், பாதுகாப்பு அடுக்கு தளரும். டாயின் சல்ஃபேட் வேலி மாதிரியானவை ஆயிரக்கணக்கான தடவை அணைத்து அணைத்துப் போட்டாலும் நிற்குமா என்பதைத்தான் இனி வரும் கட்டுரைகளில் முதலில் தேடுகிறேன். எத்தனை வோல்ட் என்பதற்கு முன்னால் எத்தனை மணி, அதில் எத்தனை தடவை அணைத்தார்கள்.

நண்பன் முன்பணம் கட்டவில்லை. அந்த ஆளிடம் "ஒரு கிலோவுக்கு எத்தன யூனிட்டு ஆவும்?" என்று கேட்டிருக்கிறான். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் போனை எடுக்கவில்லையாம்.